ஹாட்ஸ்பாட் பெட்டி புது வீட்டுக்கு வந்துவிட்டது, லேப்டாப் மேப் மட்டும் பழைய வீட்டிலேயே நிற்கிறது

#1 புதுக்கூடு

வணக்கம் நண்பர்களே. வீடு மாறி மூன்று வாரம் ஆகிறது. சிம் போட்டு ஓட்டும் கையடக்க ஹாட்ஸ்பாட் பெட்டியையும், உள் அறைக்கு வைஃபை எட்டுவதற்காக வைத்திருந்த ரிப்பீட்டரையும் பழைய வீட்டிலிருந்தே கொண்டுவந்தேன். மாட்டியதும் நெட் வந்துவிட்டது. ஆனால் லேப்டாப்பில் மேப்பைத் திறந்தால் நீலப் புள்ளி பழைய வீட்டு வாசலில் நிற்கிறது. போனில் பார்த்தால் புது வீட்டைச் சரியாகக் காட்டுகிறது.

இன்னொன்று. சில தளங்கள் நான் இருப்பதாகக் காட்டும் ஊர் பழைய ஊரும் இல்லை, புது ஊரும் இல்லை. நான் காலே வைக்காத வேறொரு நகரம்.

ஹாட்ஸ்பாட் பெட்டியின் ரூட்டர் செட்டிங்ஸுக்குள் போனேன். ‘நாடு / பகுதி’ என்று ஓர் இடம் இருந்தது. லொக்கேஷன் இதுதான் போலிருக்கிறது என்று நினைத்து அதை மாற்றி வைத்தேன். மேப் மாறவில்லை. ஆனால் அன்றிலிருந்து மனைவியின் டேப்லெட்டில் எங்கள் வைஃபை பெயரே வருவதில்லை. லேப்டாப்பிலும் என் போனிலும் வருகிறது. பெட்டியை நாலைந்து முறை அணைத்துப் போட்டும் பார்த்துவிட்டேன். வேகமும் பழைய வீட்டில் இருந்ததில் பாதிகூட இல்லை.

நான்கு நாளாக இதிலேயே உட்கார்ந்திருக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 அலைவாங்கி

புதுக்கூடு, நீங்கள் லொக்கேஷன் என்று சொல்வதில் மூன்று தனித்தனிச் சமாசாரங்கள் கலந்து கிடக்கின்றன. பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

லேப்டாப் மேப்பில் வரும் புள்ளி, சுற்றிலும் தெரியும் வைஃபை பெட்டிகளை வைத்துக் கணக்கிடப்படுவது. தளங்கள் காட்டும் ஊர், உங்கள் இணைய இணைப்புக்கான எண்ணை, அதாவது ஐ.பி. முகவரியை வைத்து ஊகிக்கப்படுவது. ரூட்டரில் இருக்கும் ‘நாடு / பகுதி’ இந்த இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாதது. எந்த அலைவரிசையில், எவ்வளவு சக்தியில் பெட்டி ஒலிபரப்பலாம் என்ற சட்டக் கணக்கு அது. அதை மாற்றினால் மேப் நகராது, சேனல்தான் மாறும்.

டேப்லெட்டில் வைஃபை பெயர் காணாமல் போனதற்கு அதுவே காரணமாக இருக்க வேண்டும். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அமெரிக்காவில் 1 முதல் 11 வரையிலான சேனல்கள்தான் வழக்கம். உலகின் பெரும்பகுதியில் 13 வரை உண்டு. ஜப்பானில் பழைய ‘பி’ வகை வைஃபைக்கு மட்டும் 14ஆவது சேனலும் இருக்கிறது. 13 வரை இருக்கும் ஒரு பகுதியை நீங்கள் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். சேனல் ‘ஆட்டோ’வில் இருந்திருக்கும். கூட்டம் குறைவாக இருக்கிறதே என்று பெட்டி 12க்கோ 13க்கோ போய் உட்கார்ந்திருக்கும். 11 வரை மட்டுமே தேடும் சாதனத்துக்கு அந்தப் பெட்டி இல்லவே இல்லாத மாதிரிதான்.

முதலில் இதைச் செய்யுங்கள். நாடு என்ற இடத்தில் நீங்கள் உண்மையில் இருக்கும் நாட்டை வையுங்கள். இதில் சலுகையே கிடையாது. வேறு நாட்டைப் போட்டு அதிக சக்தி வாங்கலாம் என்று சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள், அந்த அலைவரிசையில் வேறு யாராவது முறைப்படி வேலை செய்துகொண்டிருப்பார்கள். பிறகு 2.4 கிகாஹெர்ட்ஸ் சேனலை ஆட்டோவிலிருந்து எடுத்து 1, 6, 11 மூன்றில் ஒன்றில் நிறுத்துங்கள். 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஒன்றோடொன்று உரசாமல் இருப்பவை இந்த மூன்றுதான். அகலத்தை 40 ஆக்காதீர்கள்.

மேப் விஷயத்துக்கு இரவு வந்து எழுதுகிறேன்.

#3 புதுக்கூடு

அண்ணா, நாட்டைத் திருத்தினேன். சேனல் 13 என்றே காட்டியது! 6இல் வைத்துச் சேமித்தேன். பெட்டி ஒருமுறை அணைந்து எழுந்தது. டேப்லெட்டை எடுத்துப் பார்த்தால் பட்டியலில் முதல் பெயராக நிற்கிறது. மிக்க நன்றி.

5 கிகாஹெர்ட்ஸில் ஒரு சந்தேகம். பெட்டியைப் போட்டதும் 2.4 உடனே வருகிறது, 5 வர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. பழுதா?

#4 கம்பித்தூண்

பழுது இல்லை. உங்கள் 5 கிகாஹெர்ட்ஸ் சேனல் 52க்கும் 144க்கும் நடுவில் எங்கோ இருக்கும். அந்தச் சேனல்களில் ரேடார்களும் இயங்குகின்றன. அதனால் ஒலிபரப்பத் தொடங்கும் முன் பெட்டி குறைந்தது 60 விநாடி சும்மா காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்பது விதி. ஐரோப்பாவில் வானிலை ரேடார் பயன்படுத்தும் பகுதிக்கு அது 10 நிமிடம். நடுவில் ரேடார் கேட்டால் உடனே சேனலைக் காலி செய்ய வேண்டும், அப்போது வீடியோ அழைப்பு அறுந்துபோகும். 36 முதல் 48 வரை உள்ள ஒன்றில் வையுங்கள், இந்தக் காத்திருப்பு இருக்காது.

#5 சிறுதிரை

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஒரே அறையில், ஒரே வைஃபையில் இருக்கும்போது போன் சரியாகவும் லேப்டாப் தப்பாகவும் காட்டுவது எப்படி?

#6 அலைவாங்கி

நல்ல கேள்வி சிறுதிரை. போனில் ஜி.பி.எஸ். இருக்கிறது. வானத்தைக் கொஞ்சம் பார்த்தாலே போதும், அது தானாகக் கணக்குப் போட்டுவிடும். பெரும்பாலான லேப்டாப்பில் அது கிடையாது. அது என்ன செய்கிறதென்றால், சுற்றிலும் கேட்கும் வைஃபை பெட்டிகளின் எண்களை, அதாவது பி.எஸ்.எஸ்.ஐ.டி. என்ற வன்பொருள் முகவரியை, பட்டியல் போட்டு கூகுள், ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் மாதிரி நிறுவனங்களின் சர்வருக்கு அனுப்புகிறது. ‘இந்த எண்கள் எங்கே இருக்கின்றன’ என்று அங்கே ஏற்கெனவே பதிந்திருக்கும். அந்தப் பதிவு எங்கிருந்து வந்தது? ஜி.பி.எஸ். உள்ள லட்சக்கணக்கான போன்கள் போகிற வழியில் கேட்ட வைஃபைகளை இடத்தோடு சேர்த்துச் சொன்னதிலிருந்து வந்தது.

இப்போது புதுக்கூடு வீட்டைப் பாருங்கள். ஹாட்ஸ்பாட், ரிப்பீட்டர் இரண்டும் பழைய வீட்டில் பதிவானவை. இரண்டும் ஒன்றாக வண்டியேறி வந்துவிட்டன. ஒரு பெட்டி மட்டும் வந்திருந்தால் அக்கம்பக்கத்து வைஃபைகளோடு ஒத்துப்போகவில்லை என்று சர்வர் அதை ஒதுக்கியிருக்கக்கூடும். இங்கே இரண்டு சாட்சிகள் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்கின்றன. அக்கம்பக்கத்தில் வேறு வைஃபை தெரிகிறதா, புதுக்கூடு?

#7 புதுக்கூடு

பட்டியலில் எங்களுடையவை மட்டும்தான். மொட்டைமாடிக்குப் போனால் மங்கலாக ஒன்று வருகிறது.

#8 இரவுப்பணி

அப்படியானால் காரணம் உறுதி. இதற்கு ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. வைஃபை பெயரின் கடைசியில் ஓர் அடிக்கோடு போட்டு, அதையொட்டி ஆங்கிலச் சிற்றெழுத்தில் ‘நோமேப்’ என்று சேர்க்க வேண்டும். எழுத்துகள் என், ஓ, எம், ஏ, பி. இடையில் இடைவெளி கூடாது. ‘இந்தப் பெட்டியை இடக்கணக்கில் சேர்க்காதே’ என்று அதற்குப் பொருள். கூகுள், ஆப்பிள் இரண்டும் இதை மதிக்கின்றன. மைக்ரோசாஃப்டுக்கு அடிக்கோடும் ‘ஆப்ட்அவுட்’ என்ற சொல்லும் பெயருக்குள் எங்காவது இருந்தால் போதும். இரண்டும் வேண்டுமென்றால் முதலில் ஆப்ட்அவுட், கடைசியில் நோமேப்.

நான் இதை வலியுறுத்துவது மேப் புள்ளிக்காக மட்டும் இல்லை. 2024இல் மேரிலாண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆப்பிளின் இடமறியும் சேவையை ஆராய்ந்தார்கள். பெட்டியின் எண் தெரிந்தால் அது இருக்கும் இடத்தை வெளியாள் யாரும் கேட்டுப் பெற முடிகிறது என்று காட்டினார்கள். அதே பெட்டியோடு ஒருவர் வீடு மாறினால், பழைய வீட்டில் அந்த எண்ணைப் பார்த்து வைத்திருந்தவருக்குப் புது இடமும் தெரிந்துவிடும். யாரிடமிருந்தோ தப்பித்து வேறு ஊருக்குப் போன பெண்ணை நினைத்துப் பாருங்கள். ஆப்பிள் ‘நோமேப்’பை மதிக்கத் தொடங்கியதும் அதே ஆண்டு மார்ச்சில்தான். கையில் தூக்கிக்கொண்டு அலையும் ஹாட்ஸ்பாட் எதற்கும் இந்த வால் கட்டாயம் வேண்டும் என்பது என் கருத்து.

#9 பாடவேளை

இரவுப்பணி சொல்வதைவிட எளிதாக ஒன்று செய்யலாமே. வைஃபை பெயரை மறைத்துவிட்டு மேக் ஃபில்டர் (நாம் எழுதி வைத்த வன்பொருள் முகவரி உள்ள சாதனங்களை மட்டும் சேர்க்கும் வசதி) போட்டுவிட்டால் யாரும் பார்க்கவே முடியாது. நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

#10 அலைவாங்கி

பாடவேளை, இதில் நான் உடன்படவில்லை. பெயரை மறைத்தாலும் பெட்டி அறிவிப்பு அனுப்புவதை நிறுத்துவதில்லை. பெயர் இருக்கும் கட்டம் மட்டும் காலியாகப் போகும், பி.எஸ்.எஸ்.ஐ.டி. அதே அறிவிப்பில் போய்க்கொண்டுதான் இருக்கும். அதைவிட மோசம், மறைத்த வைஃபையை நினைவில் வைத்திருக்கும் போன் போகிற இடமெல்லாம் ‘நீ இருக்கிறாயா’ என்று பெயர் சொல்லிக் கூப்பிடும். வீட்டில் மறைத்ததை நீங்களே வெளியே போய்ச் சொன்னதாக ஆகிவிடும்.

மேக் ஃபில்டரும் இப்போது தொல்லைதான். ஆண்ட்ராய்டு 10, ஐ.ஓ.எஸ். 14 காலத்திலிருந்து போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு கற்பனை முகவரியைத்தான் காட்டுகின்றன. வைஃபையை மறக்கச் சொல்லி மறுபடி சேர்த்தால் அது மாறிவிடக்கூடும், நீங்கள் எழுதி வைத்த பட்டியல் வீண். வைஃபை பாதுகாப்பு முறையில் டபிள்யூ.பி.ஏ.3 இருந்தால் அதைப் போடுங்கள், இல்லாவிட்டால் டபிள்யூ.பி.ஏ.2. கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்து வரை வைக்கலாம், நீளமாக வையுங்கள். பொத்தானும் பின் எண்ணும் வைத்துச் சேர்க்கும் டபிள்யூ.பி.எஸ். வசதியை அணைத்துவிடுங்கள். அந்தப் பின் எண்ணை உடைக்க முடியும் என்பது 2011 இறுதியிலேயே வெளிவந்துவிட்டது. பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் அட்மின் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள்.

#11 பாடவேளை

போன் கூப்பிடும் விஷயம் எனக்குத் தெரியாது. இன்றே பெயரை வெளியே விட்டுவிடுகிறேன். நன்றி.

#12 புதுக்கூடு

இரவுப்பணி, நீங்கள் சொன்னபடி செய்யப் போனேன். எங்கள் வைஃபை பெயர் தமிழில் ‘புதுக்கூடு’. அதன் பின்னால் வாலைச் சேர்த்தால் பெட்டி ஏற்க மறுக்கிறது. ‘நீளம் அதிகம்’ என்கிறது. பெயர் ஐந்தே எழுத்துதானே?

#13 கம்பித்தூண்

நமக்குத்தான் அது ஐந்து எழுத்து. வைஃபை பெயருக்கு 32 பைட் வரைதான் இடம். எழுத்துகளைக் கணினி சேமிக்கும் யு.டி.எஃப்-8 முறையில் தமிழில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் எடுக்கும். ‘பு’ என்பது ப ஒன்று, உகரக் குறி ஒன்று, ஆக இரண்டு குறியீடு. ‘க்’ என்பதும் க, புள்ளி என்று இரண்டு. கூட்டிப் பார்த்தால் புதுக்கூடு என்பது 10 குறியீடு, 30 பைட். மீதி இருப்பது 2. நோமேப் வாலுக்கு அடிக்கோட்டோடு 6 வேண்டும்.

‘கூடு’ என்று மட்டும் வைத்தால் 12 பைட். இரண்டு வாலும் சேர்ந்து 13. மொத்தம் 25, தாராளமாக நிற்கும். தமிழில் பெயர் வைத்திருப்பதைப் பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள்.

#14 அலைவாங்கி

பெயரை மாற்றும் முன் ஒரு நிமிடம். வாலைச் சேர்த்தால் புள்ளி பழைய வீட்டை விட்டுப் போகும், அது சரி. புது வீட்டுக்கு வருமா? சுற்றிலும் வேறு வைஃபை இல்லாத இடம் அது. இரண்டு பெட்டிகளையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் லேப்டாப்புக்கு மிஞ்சுவது ஐ.பி. ஊகம் மட்டும். அது காலே வைக்காத அந்த நகரத்துக்குத்தான் போகும்.

என் யோசனை இது. வெளியே எடுத்துப் போகும் ஹாட்ஸ்பாட்டுக்கு வால். வீட்டைவிட்டு நகராத ரிப்பீட்டருக்குத் தனிப் பெயர், வால் வேண்டாம். லொக்கேஷன் போட்ட போனோடு வீட்டில் புழங்கப் புழங்க ரிப்பீட்டரின் பதிவு நாளடைவில் புது இடத்துக்கு மாறும். இதற்கு நாள் கணக்கு யாரும் சொல்ல முடியாது. அதுவரை, விண்டோஸாக இருந்தால் லொக்கேஷன் செட்டிங்ஸில் ‘டிஃபால்ட் லொக்கேஷன்’ என்று இருக்கும், அங்கே புது வீட்டைக் குறித்துவிடுங்கள்.

#15 இரவுப்பணி

ஏற்கிறேன். அவர் நிலைமைக்கு அதுதான் பொருத்தம். ஆனால் பாதுகாப்புக் கவலை உள்ளவர்கள் மேப் புள்ளியைத் தியாகம் செய்துவிட்டு இரண்டுக்கும் வால் போடட்டும். வால் போட்ட அன்றே பதிவு அழிந்துவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்து ஏதாவது ஒரு போன் அந்தப் புதுப் பெயரைக் கேட்டுச் சர்வருக்குச் சொன்ன பிறகுதான் நீங்கும்.

#16 சிறுதிரை

அப்போ அந்த மூன்றாவது நகரம்? அதைச் சரிசெய்ய ரூட்டரில் ஏதும் செட்டிங் உண்டா?

#17 கம்பித்தூண்

கிடையாது. சிம் கம்பெனிகள் ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களை ஒரே பொது ஐ.பி.க்குப் பின்னால் வைக்கின்றன. அந்த முகவரி இணையத்துக்குள் நுழையும் வாசல் எந்த நகரத்தில் இருக்கிறதோ அதைத்தான் தளங்கள் பெரும்பாலும் உங்கள் ஊராக எடுத்துக்கொள்கின்றன. சோதித்துப் பார்க்க எளிய வழி: ரூட்டர் பக்கத்தில் ‘வான் ஐ.பி.’ என்று (பெட்டிக்கு வெளிப்பக்கம் கிடைத்த முகவரி) காட்டுவதையும், ஐ.பி. காட்டும் தளம் எதிலாவது வருவதையும் ஒப்பிடுங்கள். ரூட்டரில் 100.64க்கும் 100.127க்கும் இடையில் தொடங்கினாலோ 10 என்று தொடங்கினாலோ நீங்கள் பகிர்ந்த முகவரிக்குப் பின்னால் இருக்கிறீர்கள். 100.64 தொகுதியை 2012இல் இதற்கென்றே ஒதுக்கினார்கள். இப்படி இருந்தால் வெளியிலிருந்து வரும் இணைப்பை வீட்டுச் சாதனத்துக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங்கை எவ்வளவு சரியாகப் போட்டாலும் வெளியிலிருந்து வீட்டுக் கேமராவுக்கு வர முடியாது. அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

#18 நூல்கண்டு

நான் புதியவள். என் ஹாட்ஸ்பாட்டை அமைக்க அதன் ஆப் லொக்கேஷன் அனுமதி கேட்கிறது. கொடுக்கப் பயமாக இருக்கிறது. மேலே படித்தபின் இன்னும் பயம்.

#19 அலைவாங்கி

பயம் நியாயமானதுதான் அம்மா. ஆனால் கேட்பதற்குக் காரணமும் உண்டு. சுற்றியுள்ள வைஃபைகளின் பட்டியலே இடத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பதால், ஆண்ட்ராய்டு 6இலிருந்து அந்தப் பட்டியலைப் பார்க்க ஆப்புகளுக்கு லொக்கேஷன் அனுமதி தேவைப்படுகிறது. ஆண்ட்ராய்டு 13இல் வேறு சில வைஃபை வேலைகளுக்கு ‘அருகிலுள்ள சாதனங்கள்’ என்று தனி அனுமதி வந்தது, ஆனால் அந்தப் பட்டியலைப் பார்க்க இன்னும் லொக்கேஷனே வேண்டும். ‘பயன்படுத்தும்போது மட்டும்’ என்று கொடுங்கள், அமைத்து முடித்ததும் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.

ஆப் இல்லாமலும் முடியும். ஹாட்ஸ்பாட்டில் இணைந்து, போனின் வைஃபை விவரத்தில் ‘கேட்வே’ என்று இருக்கும் எண்ணைப் பிரவுசரில் அடியுங்கள். 192.168.0.1, 192.168.1.1, 192.168.8.1 இவற்றில் ஒன்றாக இருக்கும். மொத்த செட்டிங்ஸும் அங்கேயே கிடைக்கும்.

#20 நூல்கண்டு

192.168.8.1 திறந்துவிட்டது ஐயா. ஆப்பை நீக்கிவிட்டேன்.

#21 வழிப்போக்கன்

தனிப்பெட்டி இல்லாமல் போனிலிருந்தே ஹாட்ஸ்பாட் கொடுப்பவர்களுக்கு: நாட்டை நாம் தொட வேண்டியதில்லை, பொதுவாகச் சிம் நெட்வொர்க்கைப் பார்த்துப் போனே வைத்துக்கொள்ளும். ஐபோனில் ஹாட்ஸ்பாட் பெயர் என்பது போனின் பெயர்தான், வால் சேர்க்கப் போனின் பெயரையே மாற்ற வேண்டும். பழைய சாதனம் இணையவில்லை என்றால் ஐபோன் 12 முதல் ‘மேக்சிமைஸ் கம்பேட்டிபிலிட்டி’ என்று ஒன்று உண்டு. அதைப் போட்டால் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கும், வேகம் குறையும்.

இணைந்திருக்கிறது ஆனால் நெட் இல்லை என்றால் முதலில் ஏ.பி.என்., அதாவது சிம் கம்பெனியின் நெட் வாசலுக்கான பெயர், சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் எழுத்து தவறினாலும் வராது.

#22 கம்பித்தூண்

புதுக்கூடு கேட்ட வேகம் அப்படியே நிற்கிறது. பெட்டி எங்கே வைத்திருக்கிறீர்கள்? ரூட்டர் பக்கத்தில் ‘டிவைஸ் இன்ஃபர்மேஷன்’ என்ற இடத்தில் ஆர்.எஸ்.ஆர்.பி., எஸ்.ஐ.என்.ஆர். என்று இரண்டு எண் இருக்கும். அவற்றைச் சொல்லுங்கள். முதலாவது டவர் சத்தம் எவ்வளவு எட்டுகிறது என்பது, மைனஸில் வரும், பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. இரண்டாவது இரைச்சலுக்கு மேல் அது எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பது, கூடினால் நல்லது. நான் இரண்டாவதைத்தான் அதிகம் நம்புவேன்.

#23 புதுக்கூடு

கூடத்தில் இரும்பு பீரோ மேல் இருக்கிறது. மைனஸ் 112, எஸ்.ஐ.என்.ஆர். 2.

#24 கம்பித்தூண்

பீரோவை விட்டு முதலில் இறக்குங்கள். ஒவ்வொரு ஜன்னலிலும் வைத்து இரண்டு நிமிடம் விட்டு எண்ணைக் குறியுங்கள். வைஃபைக்கு வீட்டின் நடு நல்லது, டவருக்கு ஜன்னல் நல்லது. உங்களிடம் ரிப்பீட்டர் இருப்பதால் டவர் பக்கம் சாய்ந்துவிடலாம். நேர் வெயில் படும் ஜன்னல் மட்டும் வேண்டாம், சூடேறினால் பெட்டி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், பேட்டரியும் உப்பும். நாள் முழுக்கச் சார்ஜில் கிடக்கும் பெட்டியில் பேட்டரியைக் கழற்றிவிட்டு ஓட்ட முடிந்தால் அப்படியே செய்யுங்கள். 5ஜி வந்து வந்து போகிறது என்றால் நெட்வொர்க் மோடை ‘4ஜி மட்டும்’ என்று ஒருநாள் வைத்துப் பாருங்கள். தாவிக்கொண்டே இருப்பதைவிட ஒன்றில் நிலையாக நிற்பது வேகமாக இருக்கும்.

#25 புதுக்கூடு

இன்று காலை பூரா இதே வேலை. ஒரு தாளில் எழுதிக்கொண்டே போனேன். கூடத்து ஜன்னல் மைனஸ் 106, தெளிவு 5. சமையலறை மைனஸ் 109, தெளிவு 4. மாடிப்படி திரும்பும் இடத்தில் ஒரு சிறு காற்றுத்துளை ஜன்னல் உண்டு, யாரும் கவனிக்காத மூலை. அங்கே மைனஸ் 97, தெளிவு 13! வெயிலும் விழாது. ஓர் ஆணி அடித்துப் பலகை வைத்துவிட்டேன். பழைய வீட்டு வேகம் வந்துவிட்டது, மாலையில் கொஞ்சம் கூடவும் வருகிறது.

ஹாட்ஸ்பாட் பெயர் இப்போது ‘கூடு’, இரண்டு வாலோடு. பெயர் மாற்றியதும் ரிப்பீட்டர் செத்துவிட்டது.

#26 அலைவாங்கி

சாகவில்லை, அது இன்னும் பழைய பெயரைத் தேடிக்கொண்டிருக்கிறது. ரிப்பீட்டரின் செட்டிங்ஸில் போய்த் தாய் வைஃபையாகப் புதுப் பெயரைத் தேர்ந்தெடுத்துக் கடவுச்சொல் கொடுங்கள். அங்கேயே ‘தாய்ப் பெயரையே நகலெடு’ என்று இருந்தால் நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் வாலும் சேர்ந்து வந்துவிடும்.

#27 புதுக்கூடு

வந்துவிட்டது அண்ணா. ரிப்பீட்டருக்கு ‘புதுக்கூடு’ என்று பழைய பெயரையே கொடுத்துவிட்டேன், அதனால் டேப்லெட்டும் லேப்டாப்பும் தானாகவே இணைந்துகொண்டன. விண்டோஸில் டிஃபால்ட் லொக்கேஷனும் குறித்தாயிற்று. அது கேட்கும் ஆப்புகளில் சரியாக வருகிறது, பிரவுசர் மேப் மட்டும் இன்னும் பழைய வாசலில்தான். வாரம் ஒருமுறை பார்த்து இங்கேயே எழுதுகிறேன்.

#28 புதுக்கூடு

ஐந்தாவது வாரம். இன்று காலை பிரவுசர் மேப்பில் புள்ளி எங்கள் தெருவில் நிற்கிறது. இரண்டு வீடு தள்ளி.